பித்தளைக்கு ஞாபகம் வந்த வருஷம்

எங்கள் கரட்டுப்பாளையம் ரைபிள் கிளப்பில் பித்தளைத் தோட்டாக்கூடுகளுக்கு ஞாபகம் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. அன்றைக்கு மழையும் இல்லை, இடியும் இல்லை, வானத்தில் ஒரு விசேஷமும் இல்லை, தேர்த் திருவிழாவுக்கு மறுநாள் என்பதால் ஊருக்கு விடுமுறை, கேண்டீனில் ஆம்லெட் கொஞ்சம் கருகியது, நான் வழக்கம்போல மைக்கைப் பிடித்து "லோட்!" என்று கத்தினேன், வரிசையில் நின்றவர்கள் சுட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது.

நான் நாச்சிமுத்து. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பஸ் நேரம் சொல்கிறவன். அந்தத் தொண்டைக்காகவே கிளப்பில் என்னைக் கட்டளை சொல்லும் ஆளாகப் போட்டார்கள். நான் சொன்னால்தான் பிஸ்டலைக் கையில் எடுக்கலாம், நான் சொன்ன நொடியில் கீழே வைத்துவிட வேண்டும், மாவட்டத்திலேயே பெரிய ரிக் வண்டி முதலாளியானாலும் சரி. கிளப் இருப்பது கைவிடப்பட்ட கல்குவாரிக்குள். மூன்று பக்கமும் நாலு பனை உயரத்துக்குப் பாறை, குண்டு எங்கேயும் தப்பிப் போக வழியில்லை. எங்கள் ஊருக்குத் தொழில் இரண்டே: ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணற்றுக்குப் பூமியில் ஓட்டை போடுவது, கோழிப்பண்ணையில் முட்டை எடுப்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் காகிதத்தில் ஓட்டை போடுகிறவர்கள் நாங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் எல்லாம் புரியும். புதுத் தோட்டா எங்களுக்குச் சுலபத்தில் கிடைக்காது. அதனால் சுட்டு முடித்ததும் கீழே தெறித்துக் கிடக்கிற வெறும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, நெல் உமி நிரப்பிய டிரம்மில் போட்டு அரைநாள் உருட்டிப் பளபளப்பாக்கி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தி வடிவத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி மருந்தும் ஈயக்குண்டும் ஏற்றி அதே கூட்டைச் சுடுவோம். ஒரு கூடு பத்துப் பன்னிரண்டு தடவை வரும், அதற்கப்புறம் வாயோரம் வெடித்துவிடும். லைசென்ஸோடு இந்த வேலையைச் செய்கிறவர் அர்த்தநாரி. டீசல் பம்ப் மெக்கானிக், நகத்தில் எப்போதும் கிரீஸ், ஒவ்வொரு கூட்டின் அடியிலும் ஊசியால் கீறி எண் போட்டு, எந்தக் கூடு யார் கையில் எத்தனை தடவை போனது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கிற மனுஷன்.

அந்த வியாழக்கிழமை, கிளப் செயலாளர் குழந்தைவேலு ஐந்து தோட்டா சுட்டார். ஐந்தும் பத்து, டார்கெட்டின் நட்ட நடு வட்டம். குழந்தைவேலு என்றால் நான்கு ரிக் வண்டிக்கு முதலாளி, நல்ல மனுஷன், வாய் நிறையச் சிரிப்பு, ஆனால் ஒன்பது வருஷத்தில் இரண்டே தடவைதான் பத்து போட்டவர், அந்த இரண்டும் பக்கத்துத் தடத்துக்காரரின் டார்கெட்டில். அவருக்குப் பக்கத்தில் நின்ற கோகிலவாணி, கிளப்பிலேயே நம்பர் ஒன் கை, அன்றைக்கு ஆறு, ஏழு, ஐந்து, ஆறு, ஆறு.

நாங்கள் எல்லோரும் குழந்தைவேலுவைத் தூக்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தபோது வாணி மட்டும் தன் டார்கெட் காகிதத்தைக் கையில் பிடித்து, பண்ணையில் முட்டையை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தாள்.

"நாச்சிமுத்தண்ணா, இது என்ர குண்டு இல்லீங்க," என்றாள். "எல்லாம் இடது பக்கம் கீழ போயிருக்குது பாருங்க. இது குழந்தைவேலண்ணன் டிரிகரை இழுக்கற இழுப்பு."

அர்த்தநாரி கீழே கிடந்த பத்துக் கூடுகளையும் பொறுக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நோட்டைப் புரட்டினார். வாணி அன்றைக்குச் சுட்ட ஐந்தும் போன மாதம் முதல்முறையாகக் குழந்தைவேலு கையில் வெடித்தவை. குழந்தைவேலு சுட்ட ஐந்தும் முதல்முறையாக வாணி கையில் வெடித்தவை. கூடு எந்தக் கையில் முதலில் வெடித்ததோ, அன்றைக்குக் குண்டை எங்கே அனுப்பியதோ, அந்த இடத்துக்கே அது இனிமேல் அனுப்பும். யார் பிடித்தாலும், எந்தப் பிஸ்டலானாலும், பிடித்தவர் கண்ணை மூடிக்கொண்டாலும். மறுநாள் நூறு கூடுகளை வைத்துச் சோதித்தோம், நூறும் ஒரு முடிகூடப் பிசகவில்லை. பிஸ்டலைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்தாலும் போகுமா என்று ஒருவர் கேட்டார். அந்தச் சோதனைக்கு மட்டும் நான் அனுமதி கொடுக்கவில்லை, இன்று வரைக்கும் கொடுக்கவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று நாங்கள் ஒரு பத்து நிமிஷம் பேசியிருப்போம். உமி புது அறுவடை உமி, அதனால் இருக்கும் என்றார் ஒருவர். குவாரிப் பாறையில் ஏதோ இருக்கிறது என்றார் இன்னொருவர். அதற்குள் ஆம்லெட் வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போனது.

கூடுகளைப் பிரித்து வைக்க வழி சொன்னதே வாணிதான். பண்ணையிலிருந்து முட்டை அட்டைகளைக் கொண்டுவந்தாள், அட்டைக்கு முப்பது குழி, குழிக்கு ஒரு கூடு. பத்து போட்ட கூடு ஒரு அட்டை, ஒன்பது ஒரு அட்டை, எட்டு, ஏழு என்று இறங்கி, டார்கெட்டையே தொடாமல் பாறைக்குப் போனவற்றுக்குக் கடைசியில் ஒரு பெரிய அட்டை. அந்தக் கடைசி அட்டைகள்தான் அதிகம். அவள் தினமும் நாலாயிரம் முட்டை தரம் பிரிக்கிறவள், இது அவளுக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை.

பிறகு ஊர் வந்தது. முதலில் ரிக் வண்டிக்காரர்கள் வந்தார்கள், தண்ணீர் பார்த்துக் குறித்த புதுப் பாயிண்டில், பத்து போட்ட ஒரு கூட்டை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துத் துளைத்தால் தண்ணீர் கட்டாயம் என்று. பிறகு பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் அம்மாக்கள் வந்தார்கள், பிறகு தலைமையாசிரியர் வந்து இனி எந்த அம்மாவுக்கும் கொடுக்கக் கூடாது என்று கண்டித்துவிட்டுப் போகும்போது தன் மகளுக்கு ஒன்று வாங்கிப்போனார். மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டில் தேங்காய் பழத்தோடு பத்துக் கூடு ஒரு ஜோடி வேண்டும் என்றார்கள், பெண் வீட்டார் உங்கள் பையனுக்கு எட்டு போதும் என்றார்கள், அந்தக் கல்யாணம் ஒன்பதில் முடிந்தது. பெரிய ஆசை இல்லாதவர்களும் வந்தார்கள். நூற்பாலையில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, "எனக்கு ஒரு ஏழு குடுங்க சாமி, பத்துன்னா கண்ணு பட்டுப்போகும்," என்று கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். ஊரில் தேர்த் திருவிழாவுக்குக்கூட அத்தனை உற்சாகத்தை நான் பார்த்ததில்லை, பேருந்து நிலையத்தில் நான் ஈரோடு பஸ் என்று சொல்ல வாயெடுத்தால், கீழே நிற்கிறவர்கள் "நாச்சிமுத்தண்ணா, இன்னைக்கு எத்தனை பத்து?" என்று கேட்டார்கள், நானும் மைக்கிலேயே பதில் சொன்னேன், அதற்கு எனக்கு ஒரு மெமோ வந்தது.

கிளப்பில் எல்லோரும் சாம்பியன் ஆனோம். முப்பது தோட்டா, முந்நூறுக்கு முந்நூறு. பல் டாக்டர் கதிரேசன் ஒரு கையில் பிஸ்டலும் ஒரு கையில் போனுமாகப் பேசிக்கொண்டே முந்நூறு போட்டார். குழந்தைவேலுவின் மச்சினன் தினகர், சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவன், கொட்டாவி விட்டபடி போட்டான். வெறும் பிஸ்டலைச் சுவரைப் பார்த்து நீட்டி மணிக்கணக்கில் கையைப் பழக்குகிற வழக்கம் நின்றது. சுட்டு முடித்ததும் பேரலுக்குள் பிரஷ் விட்டு ஈயக்கறையைத் தேய்த்தெடுத்து எண்ணெய் போட்டு வைக்கிற வழக்கமும் நின்றது. எப்படியும் கூடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், எதற்கு வீண் வேலை? வாணி மட்டும் தனக்கு ஒதுக்கிய நான்காம் நம்பர் பிஸ்டலை அக்கக்காகக் கழற்றி, துடைத்து, ஸ்பிரிங்கை நீவிப் பார்த்து, மறுபடி பூட்டினாள்.

"அதுக்கெதுக்கு அம்மிணி இத்தனை பாடு?" என்று குழந்தைவேலு கேட்டார்.

"கூட்டுக்குத்தானுங்க ஞாபகம் வந்திருக்குது," என்றாள். "பிஸ்டலுக்கு எண்ணெய்தான் வேணும்."

அவளுக்கு என்ன போனது என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கேண்டீனுக்கு முட்டை கொண்டுவந்தவள் அவள். அட்டையை இறக்கிவிட்டு நின்று பார்த்தாள், யாரோ விளையாட்டாகப் பிஸ்டலைக் கையில் கொடுத்தார்கள், முதல் குண்டே எட்டு. பிறகு மெம்பரானாள். எங்கள் பக்கத்து நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். ஒவ்வொரு கிளப்புக்கும் மூன்று பேர், அந்த அத்தனை பேரிலும் தனியாக முதலில் வருகிறவருக்கு மாநிலப் பயிற்சி முகாமில் நேராக இடம். முதல் தடவை அவளுக்குப் பிரசவம். இரண்டாம் தடவை இரண்டே பாயிண்டில் டீமை விட்டாள். இந்தத் தடவை எங்கள் எல்லோரையும்விட இருபது பாயிண்ட் முன்னால் இருந்தாள், ராய்ப்பூரில் ரிக் வண்டியில் இருந்த அவள் வீட்டுக்காரர் அங்கே தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார். அப்போதுதான் பித்தளைக்கு ஞாபகம் வந்தது. எல்லோரும் முந்நூறு என்றால் யாரை டீமில் போடுவது? கமிட்டி கூடியது. கிளப்புக்கு யார் அதிகம் செய்திருக்கிறார்கள் என்று பார்த்துப் போடலாம் என்றார்கள். குழந்தைவேலு, கதிரேசன், தினகர். கை தூக்கச் சொன்னார்கள். ஏழு கை எழுந்தது, அதில் ஒன்று என் கை. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

வாணியை மாற்று ஆளாக எழுதினார்கள். மாற்று ஆளுக்கு பேட்ஜ் உண்டு, பேட்ஜ் இருந்தால் தோட்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரலாம்.

கோப்பைக்கு நாலு மாதம் இருக்கும்போது, பத்து போட்ட கூடுகள் வாயோரம் வெடிக்க ஆரம்பித்தன. ஊர் பாதியை வாங்கிப் போயிருந்தது, மீதியை நாங்களே ஆசை ஆசையாகச் சுட்டுத் தீர்த்திருந்தோம். ஒவ்வொரு ஞாயிறும் அர்த்தநாரி நாலைந்தை எடுத்து வாயோரத்து விரிசலைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். எங்கெங்கோ அலைந்து ஒரு பெட்டி புதுக் கூடு வாங்கினோம். புதுக் கூட்டுக்கு ஞாபகம் கிடையாது, முதல் கை எதுவோ அதுதான் அதற்குத் தலையெழுத்து. குழந்தைவேலு சுட்டார், நாலு. தினகர் சுட்டான், குண்டு பாறைக்குப் போனது. கதிரேசன் போனை வைத்துவிட்டுக்கூடச் சுட்டுப் பார்த்தார், மூன்று. மாதக்கணக்கில் குறி பார்க்காத கண், பழக்காத கை, ஈயம் அடைத்த பேரல், வேறென்ன வரும்?

வாணி சுட்டாள், பத்து.

அன்றிலிருந்து ஊர் அவளைத் தாங்கோ தாங்கென்று தாங்கியது. அவளுக்கு மட்டும் தனியாக ஒரு மின்விசிறி, மேலே தென்னோலைப் பந்தல், இடைவேளைக்கு மாதுளை ஜூஸ். பண்ணை முதலாளி தானே வந்து, புதன்கிழமையும் லீவு எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். குவாரி விளிம்பில் வேலி ஓரமாக ஜனங்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள், அவள் ஒவ்வொரு தடவை பத்து போடும்போதும் "போட்டாச்சு!" என்று ஒரு குரல் எழும், நூறு குரல் அதைப் பிடித்துக்கொள்ளும், நான் மைக்கில் எண்ணிக்கை சொல்வேன், அந்தச் சூடான கூட்டை அர்த்தநாரி இடுக்கியில் எடுத்து அட்டையில் வைப்பார். பண்ணையில் கோழிக்குக்கூட இத்தனை உபசாரம் நடக்காது என்று வாணியே சொல்லிச் சிரித்தாள். எல்லாம் பத்தாக வரவில்லை. ஒன்பது வரும், எட்டு வரும், வந்தால் கூட்டம் 'ச்சே' என்று உச்சுக்கொட்டும். அவள் முகம் அப்போது கொஞ்சம் சுருங்கும்.

டீமில் ஆளுக்கு முப்பது என்று தொண்ணூறு பத்து சேர்ந்த அன்றைக்கு, அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழந்தைவேலு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, என்னையும் டீமுல சேர்த்துங்க. கோப்பை வரிசையில ஒரு தடவை நான் நிக்கோணும்."

"அம்மிணி, நீ எங்களுக்குத் தாய் மாதிரி," என்றார் குழந்தைவேலு. உண்மையிலேயே பாசமாகத்தான் சொன்னார். "தாயைக் கொண்டுபோயி வெயில்ல நிறுத்துவோமா? உன்ர குண்டைத்தானே நாங்க சுடப்போறோம். நீ சுட்ட மாதிரித்தானே?"

"நான் சுட்ட மாதிரிதானுங்க. நான் சுட்டதா ஆகாதுங்களே."

குழந்தைவேலு என்னைப் பார்த்தார். நான் மைக் ஒயரைச் சுற்றத் தொடங்கினேன். அந்த ஒயர் ஏற்கெனவே சுற்றித்தான் இருந்தது.

கோப்பை எங்கள் குவாரியில்தான் நடந்தது, ஞாயிறு காலை. நான்கு மாவட்டத்திலிருந்தும் கிளப்புகள், வேன்கள், கொடிகள், முட்டை பப்ஸ், குவாரி விளிம்பெல்லாம் தலைகள். கூட்டின் ஞாபகம் பற்றி வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். போட்டி நடத்துகிறவர்களுக்குப் புகார் போகவில்லையா என்றால், போனது. போட்டி விதிப் புத்தகத்தில் ஞாபகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அவரவர் கூட்டை அவரவர் சுடலாம் என்று பதில் வந்தது. தங்கள் ஊர்க் கூடுகளுக்கு இந்தப் புத்தி வரவில்லையே என்று அவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் பழக்கிய கையோடு வந்திருந்தார்கள். ஆற்றோரத்து ஊரிலிருந்து வந்த ஒரு ரயில்வேக்காரர் முதலிலேயே சுட்டு இருநூற்று எண்பத்து மூன்று போட்டிருந்தார். கையால் போட்ட அந்த எண்ணுக்கு எல்லோரும் எழுந்து கைதட்டினோம், எப்படியும் முந்நூறு நமக்குத்தான் என்கிற பெருந்தன்மையில்.

கிளப்புக்கு ஒரு தடம், ஒருவர் பின் ஒருவர். எங்கள் தடம் மூன்று. குழந்தைவேலு வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, கும்பிட்டுவிட்டு நின்றார். நான் கட்டளை சொன்னேன். முதல் ஐந்து குண்டு வெடித்தது. கூட்டம் "போட்டாச்சு!" என்று கத்தி முடித்தபிறகுதான் டார்கெட் அருகே வந்தது: ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, ஒன்று காணோம்.

யாருக்கும் எதுவும் புரியவில்லை. குழந்தைவேலு பிஸ்டலை உதறினார், கண்ணைத் துடைத்தார், அடுத்த ஐந்து அதைவிட மோசம். முப்பதும் முடிந்தபோது அவர் நூற்றுப் பன்னிரண்டு. சட்டை முழுக்க நனைந்து, இழவு வீட்டிலிருந்து வருகிறவர்போல வெளியே நடந்தார். அடுத்து தினகர். அவன் குண்டுகள் பாறையில் பட்டுப் பட்டுத் தூள் கிளப்பின, ஒரு பல்லி பயந்து ஓடியது, கூட்டத்தில் முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்றாவதாக பல் டாக்டர் கதிரேசன் வர வேண்டும். நான் பெயரைக் கூப்பிட்டேன். அவர் என்னிடம் ஓடிவந்து, "அவசரமா ஒரு கடவாய்ப்பல்லுங்க," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். அவருடைய பல்லா, நோயாளியுடைய பல்லா என்று கேட்கக்கூட நேரமில்லை.

பெயர் கூப்பிட்டு மூன்று நிமிஷத்துக்குள் ஆள் நிற்காவிட்டால் தடம் ரத்து. குழந்தைவேலு தலையில் கை வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாளில் மாற்று ஆள் பெயர் என் கண்ணுக்கு நேரே இருந்தது. நான் கமிட்டியைக் கேட்கவில்லை, செயலாளரைப் பார்க்கவில்லை, பத்து வருஷமாக ஈரோடு, சேலம், சங்ககிரி என்று கத்திப் பழக்கிய தொண்டையைத் திறந்து, குவாரியின் மூன்று சுவரிலும் மோதித் திரும்பி வருகிற மாதிரி, "மூன்றாம் தடம், கோகிலவாணி!" என்றேன்.

தோட்டாப் பெட்டியோடு ஓரமாக நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போயி என்ன பண்றது?" என்றார் குழந்தைவேலு, அழுகை முட்டிய குரலில். "கூடு எல்லாத்தையும் மறந்திருச்சு அம்மிணி."

"மறந்திருச்சுங்களா?" என்றாள் வாணி.

பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கூட்டின் கழுத்தில், நகக்கண் அகலத்துக்கு, நீலமும் பழுப்புமாக ஒரு வளையம் ஓடியிருந்தது. அவள் தலையைத் திருப்பி அர்த்தநாரியைத் தேடினாள். அவர் உமி மூட்டைக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"அண்ணா, தீயில காட்டினீங்களா?"

"நேத்து மத்தியானம் காட்டினேன் கண்ணு," என்றார் அர்த்தநாரி. "மருந்து ஏத்தறதுக்கு முன்னால, வெறும் கூடா இருக்கறப்ப. டீசல் பம்புல செம்பு வாஷர் இறுகிப்போச்சுன்னா, நெருப்புல செவக்கக் காட்டித் தண்ணியில போட்டாப் புதுசாட்டம் மெதுவாயிரும். கோப்பையில கூடு வெடிச்சு மானம் போயிரக்கூடாதுன்னு, தொண்ணூறையும் கழுத்துல சித்தெ சித்தெ காட்டிப்போட்டேன். மெதுவானா மறந்துபோகும்னு எனக்கெப்படித் தெரியும்? நான் கெடுத்துப்போட்டேனே!"

வாணி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த வருஷத்தில் யார் முகத்திலும் பார்க்கவில்லை, முந்நூறு போட்ட ஒருவர் முகத்திலும் பார்க்கவில்லை.

"கெடுக்கலீங்கண்ணா," என்றாள். "நல்ல வேலை பண்ணுனீங்க."

நான்காம் நம்பர் பிஸ்டலை எடுத்துக்கொண்டு மூன்றாம் தடத்தில் போய் நின்றாள். காலை அகட்டி ஊன்றினாள், இடது கையை இடுப்பில் சொருகினாள், மூச்சை இழுத்துப் பாதியை விட்டாள். நான் கட்டளை சொன்னேன். முதல் குண்டு பத்து. இரண்டாவது ஒன்பது. மூன்றாவது பத்து, நான்காவது பத்து, ஐந்தாவது எட்டு, எட்டு விழுந்ததும் கூட்டம் வழக்கம்போல உச்சுக்கொட்டப் போய், பிறகு யாரோ "ஏய், இது கூடு இல்ல, கை போடறது!" என்று சொல்ல, அந்த உச்சு பாதியில் நின்றது. அதற்கப்புறம் குவாரியில் நடந்தது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்து மாதமாக நாங்கள் பத்துகளைப் பார்த்துக் கத்தியிருக்கிறோம், ஆனால் அடுத்தது என்ன வரும் என்று தெரியாமல் உட்கார்ந்து எத்தனை நாள் ஆகியிருந்தது! ஒவ்வொரு குண்டுக்கும் ஆயிரம் பேர் மூச்சை நிறுத்தி, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஆயிரம் பேர் மூச்சை விட்டு, பப்ஸ் விற்கிறவர் தட்டைத் தலைமேல் வைத்தபடியே மறந்து நின்று, ரயில்வேக்காரர் தன் தொப்பியைக் கழற்றிக் கடித்துக்கொண்டிருந்து, குழந்தைவேலு நாற்காலியின் மேல் ஏறி நின்று, "மெதுவா அம்மிணி, மெதுவா!" என்று கிசுகிசுக்கிறேன் என்று நினைத்து ஊருக்கே கேட்கக் கத்தி, நான் அவரை மைக்கில் பெயர் சொல்லி எச்சரித்து, அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

இருபத்தொன்பது குண்டு முடிந்தது. தாளில் கூட்டினேன்: இருநூற்று எழுபத்தைந்து. இன்னும் ஒன்று. ரயில்வேக்காரரை வேறு யாரும் தொட்டிருக்கவில்லை; எட்டு விழுந்தால் அவரோடு சமம். ஒன்பது விழுந்தால் முகாம் அவளுக்கு.

அவள் கையை உயர்த்தினாள். உயர்த்திய கை லேசாக ஆடியது, நான் பார்த்தேன். இறக்கிவிட்டாள். கடிகாரத்தில் நாற்பது நொடி மீதி இருந்தது. உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தாள், மறுபடி உயர்த்தினாள், முப்பது நொடி, இருபது நொடி, பாறை மேல் ஒரு மைனா கத்தியது, குண்டு வெடித்தது.

டார்கெட் வந்தது. ஒன்பது.

பழக்க தோஷத்தில் நூறு பேர் "ச்சே" என்றார்கள். பிறகு கணக்குத் தெரிந்தவர்கள் எழுந்தார்கள், கணக்குத் தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்து எழுந்தார்கள், "இருநூற்று எண்பத்து நாலு!" என்று நான் சொன்னதை நானே கேட்க முடியாத அளவுக்குக் குவாரி அதிர்ந்தது. ரயில்வேக்காரர் முதல் ஆளாக ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அர்த்தநாரி உமி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதார். எங்கள் கிளப் டீம் கடைசி இடம், அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

கூட்டம் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது, எல்லோர் கண்ணும் தரையில் கிடந்த முப்பது கூடுகள் மேல். இனி அவை மறக்காது, தீயில் புதிதானபின் கோப்பையில் வென்ற கை முதலில் தொட்ட கூடுகள். ஆனால் நான் "யாரும் அசையக் கூடாது!" என்று கட்டளை போட்டுவிட்டேன். குழந்தைவேலு மட்டும் முட்டை அட்டையோடு குனிந்து முப்பதையும் பொறுக்கி அடுக்கி, வாணியிடம் பயபக்தியாக நீட்டினார்.

"இந்தா அம்மிணி, பத்திரமா கொண்டுபோ. முகாமுல பெரிய பெரிய ஆளுக வருவாங்க. அங்க உனக்கு இது உதவும்."

வாணி அட்டையை வாங்கிக்கொண்டு நேராகக் கேண்டீனுக்கு நடந்தாள். ஆம்லெட் கல்லை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பைப் பெரிதாக்கி, இடுக்கியால் ஒரு கூட்டை எடுத்து அதன் கழுத்தை நெருப்பில் காட்டினாள். வளையம் நிறம் மாறியதும் வாளித் தண்ணீரில் போட்டாள், சுர்ரென்றது. இரண்டாவது, மூன்றாவது. வாசலில் நின்ற ஜனங்கள் ஒவ்வொரு சுர்ருக்கும் 'ஐயோ' என்றார்கள். அவள் அவசரப்படவில்லை, அன்றைக்குப் பண்ணையில் லீவு. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. கடைசிக் கூட்டை எடுத்தபோது குழந்தைவேலு அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நிறுத்தினார்.

"ஒண்ணையாச்சும் வெச்சுக்க சாமி," என்று கெஞ்சினார். "அத்தனை பேருக்கு முன்னால, கை நடுங்கிப்போச்சுன்னா என்ன பண்ணுவே?"

"நடுங்குனா ஒம்போது போடறனுங்க," என்றாள் வாணி, கூட்டை நெருப்பில் காட்டியபடி.